பந்து அவனுக்கு, நாற்காலி யாருக்கு?

விளையாட்டுக்கு நிறம் கிடையாது, சாதி கிடையாது, திறமைதான் பேசும் என்று சொல்லித் திரிகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பது வழக்கம். ஓடுகிறவன் யார் என்று சொல்கிறாய், சரி. ஓடச் சொல்கிறவன் யார்? யாரைச் சேர்ப்பது, யாரை ஓரமாக உட்கார வைப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவன் யார்? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று சொல்லு. அப்புறம் திறமையைப் பற்றிப் பேசலாம்.

உடம்பைக் கொடுப்பதற்கு நம்மை எப்போதும் கூப்பிடுவார்கள். வயலுக்குக் கூப்பிடுவார்கள், சுடுகாட்டுக்குக் கூப்பிடுவார்கள், ஆடுகளத்துக்கும் கூப்பிடுவார்கள். புத்தி சொல்கிற இடத்துக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள். இந்த விஷயத்தில் அமெரிக்க வெள்ளை நிறவெறிக்கும் இங்கிருக்கிற சாதித் திமிருக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அதனால்தான் ஓர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜான் தாம்ப்சன். வாஷிங்டன் நகரத்தில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் 1999 வரை பயிற்சியாளர். 596 வெற்றி, 239 தோல்வி. 2020 ஆகஸ்ட் 30 அன்று 78 வயதில் இறந்துபோனார். வெற்றிக் கணக்கை எழுத அங்கே பத்திரிகைகள் ஏராளம். நமக்கு வேண்டியது வேறு கணக்கு.

'முதல்' என்கிற பட்டம்

1984 ஏப்ரல் 2. சியாட்டிலில் நடந்த இறுதிப் போட்டியில் ஹூஸ்டன் அணியை 84-75 என்று தோற்கடித்து ஜார்ஜ்டவுன் தேசிய வாகையர் ஆனது. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் தரப் பிரிவில் ஓர் அணியை வாகையர் ஆக்கிய முதல் கறுப்பினப் பயிற்சியாளர் தாம்ப்சன். பத்திரிகைக்காரர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் தாம்ப்சனுக்கு அந்த 'முதல்' என்கிற வார்த்தையே பிடிக்காது. இரண்டு வருஷம் முன்னால், 1982இல், அவருடைய அணி கடைசி நான்குக்குள் வந்தபோதே இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். முதல் ஆள் என்று சொல்வது எனக்கு முன்னால் திறமையுள்ள கறுப்பர் யாருமே இல்லை என்று சொல்வதாகும். அது எனக்குப் பெருமை அல்ல, அவமானம் என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். முதல் தலித் துணைவேந்தர், முதல் தலித் நீதிபதி, முதல் தலித் தலைமைச் செயலாளர் என்று இங்கே தலைப்புச் செய்தி போடுகிறபோது நாமும் கைதட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் செய்தி உண்மையில் யாரைப் பற்றியது? அத்தனை வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தவனைப் பற்றியது. குற்றப்பத்திரிகையை வாழ்த்து மடல் மாதிரி அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நாமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

தாம்ப்சனுக்கு முன்னால் யாரும் இல்லையா? இருந்தார்கள். ஜான் மெக்லெண்டன் என்று ஒருவர். 1915இல் பிறந்தவர். கூடைப்பந்து விளையாட்டையே உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது அவரிடமே பாடம் படித்தவர். பாடம் படிக்கலாம், ஆனால் பல்கலைக்கழக அணியில் விளையாடக் கூடாது. கறுப்பர் என்பதுதான் காரணம். விளையாட்டைப் பெற்றவனிடமே கற்றவனுக்கு விளையாட இடமில்லை! படித்து முடித்துக் கறுப்பினக் கல்லூரிகளில் பயிற்சியாளர் ஆனார். இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிற வேகப் பாய்ச்சல் ஆட்டத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் அவர். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருக்கிற நேரம் பார்த்து, டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணியோடு அவருடைய வட கரோலினா கறுப்பினக் கல்லூரி அணி கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடியது. வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. முடிவு 88-44. ஜெயித்தது மெக்லெண்டன் அணி. அந்த வெற்றி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பிறகு டென்னசி கறுப்பினக் கல்லூரியில் 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருஷம், சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வாங்கிக் காட்டினார். அப்படியும் வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்க 1966 ஆகவேண்டியிருந்தது.

ஆக, 1984 என்பது திறமை பிறந்த வருஷம் அல்ல. பூட்டு திறந்த வருஷம். அதுவும் பாதிதான் திறந்தது. 1984இலிருந்து 2024 வரை அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்த கறுப்பினப் பயிற்சியாளர்கள் மொத்தம் நான்கு பேர். தாம்ப்சன், 1994இல் நோலன் ரிச்சர்ட்சன், 1998இல் டப்பி ஸ்மித், 2014இல் கெவின் ஆலி. அவ்வளவுதான். இறுதிப் போட்டியில் ஓடுகிற கால்களையும் எண்ணுங்கள், ஓரத்தில் கோட்டுப் போட்டு நிற்கிறவர்களையும் எண்ணுங்கள். கணக்கு விளங்கிவிடும்.

நமக்கும் இதில் ஒரு கதை உண்டு. பல்வாங்கர் பாலு. தீண்டப்படாத சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் விக்கெட்டுகளை அள்ளியவர். பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணிக்கு அவர் பந்து வேண்டும், ஆனால் அவர் தலைமை வேண்டாம். கடைசிவரை அவரை அணித் தலைவர் ஆக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், 1923இல், அந்த இடம் கிடைத்தது. அங்கே பயிற்சியாளர் நாற்காலி, இங்கே அணித் தலைவர் பதவி. பூட்டு ஒரே கம்பெனிப் பூட்டுதான்.

படிப்பு வராத பையன்

தாம்ப்சன் 1941இல் வாஷிங்டனில் பிறந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தொழிற்சாலைக் கூலி. அம்மா ஆசிரியைக்குப் படித்தவர். ஆனால் வாஷிங்டனில் அவர் பார்த்தது வெள்ளைக்கார வீடுகளில் துப்புரவு வேலை. படித்த அம்மாவுக்கே துடைப்பம்தான் என்றால் அந்த ஊரின் தகுதி நியாயம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவின் பூர்வீகமான தெற்கு மேரிலாண்டுக் கோயிலில் கறுப்பர்கள் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும், வெள்ளையர் நற்கருணை வாங்கி முடித்த பிறகுதான் எழுந்து போக வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய கிறித்தவத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறுவன் தாம்ப்சனைச் சேர்த்த கத்தோலிக்கப் பள்ளியில் இவனுக்குப் படிப்பு வராது, மூளை வளர்ச்சி போதாது என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பிறகு போன அரசுப் பள்ளியில் ஒரு கறுப்பின ஆசிரியை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். பையனுக்கு மூளை இல்லாமல் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை.

அந்தப் பையன் வளர்ந்தான். ஆறடி பத்து அங்குலம். பள்ளி அணியில் தொடர்ந்து 55 போட்டிகள் தோற்காமல் ஆடினான். பிராவிடன்ஸ் கல்லூரியில் படித்தான். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் மாபெரும் ஆட்டக்காரர் பில் ரஸ்ஸலுக்கு மாற்று ஆளாக 1964 முதல் 1966 வரை இருந்தான். இரண்டு பட்டத்திலும் பங்கு உண்டு. பிறகு பணத்துக்கு ஆடுவதை விட்டுவிட்டு வாஷிங்டனுக்குத் திரும்பி, செயின்ட் ஆண்டனி உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருஷம் பயிற்சியாளர். அங்கேயிருந்துதான் 1972இல் ஜார்ஜ்டவுன் அவரைக் கூப்பிட்டது. பம்பாயில் தலித் பாந்தர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு எழுந்த அதே 1972.

ஏன் கூப்பிட்டது? கருணையா? முந்தைய பருவத்தில் ஜார்ஜ்டவுன் அணி 3 போட்டிகளில் ஜெயித்து 23இல் தோற்றிருந்தது. கெட்டுப்போன பிறகுதான் நம்மிடம் கொடுப்பார்கள். நிமிர்த்திக் காட்டினால் நிறுவனத்துக்குப் பெருமை, முடியவில்லை என்றால் 'அவங்களால முடியாதுன்னு அப்பவே சொன்னோமே' என்று ஒரு வரி.

அந்த வரி எழுதப்பட்டது. துணியிலேயே எழுதினார்கள். 1975 பிப்ரவரியில் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த சமயம், சொந்த அரங்கத்தின் ஜன்னல் வழியாகப் படுக்கை விரிப்பு ஒன்று தொங்கியது. தாம்ப்சன் போக வேண்டும் என்று, கறுப்பர்களைத் திட்டுகிற அந்தக் கேவலமான வார்த்தையோடு எழுதியிருந்தது. அதே பருவத்தில் அந்த அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அதற்குப் பிறகு துணி தொங்கவில்லை. துணியைத் தொங்கவிட்ட மனசு எங்கே போயிருக்கும்? 1981இல் ஜமைக்காவில் பிறந்த பாட்ரிக் யூயிங் அந்த அணிக்கு வந்தபோது வெளியூர் அரங்கங்களில் அது மறுபடி தலைகாட்டியது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்று அட்டைகள். அவனைக் குரங்கு என்று எழுதிய பதாகைகள். ஆடுகளத்தில் வாழைப்பழம் வீசினார்கள். அந்த யூயிங் 1985இல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே போனார்.

272 பேரை விற்ற பல்கலைக்கழகம்

ஜார்ஜ்டவுன் எப்படிப்பட்ட இடம் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அது யேசு சபைத் துறவிகளின் பல்கலைக்கழகம். மேரிலாண்டில் சபைக்குத் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்களில் அடிமைகள் இருந்தார்கள். 1838இல் கடன் சுமை ஏறியபோது சாமியார்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று 272 பேரைத் தெற்கே லூசியானா தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். அதில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் கடனை அடைத்தது. 2017இல்தான் பல்கலைக்கழகமும் சபையும் இதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன. விற்பனையை நடத்தியவரின் பெயரில் இருந்த கட்டடத்துக்கு, விற்கப்பட்டவர்களின் பட்டியலில் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸ் பெயரை வைத்தார்கள்.

தாம்ப்சனின் அப்பாவழி மக்கள் வாழ்ந்த தெற்கு மேரிலாண்டும் அந்தச் சபைத் தோட்டங்கள் இருந்த பகுதிதான். அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவன் அந்தப் பல்கலைக்கழகத்தை நாடறிந்த பெயராக்கினான். உழைப்பு நம்முடையது, பெயர் அவர்களுடையது. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நம்ம ஆளு. என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

வந்தவுடன் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மேரி ஃபென்லன் என்கிற ஆசிரியையைத் தன்னோடு அழைத்துக்கொண்டது. அவர் முன்னாள் கன்னியாஸ்திரீ. வேலை, ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனிப்பது. போட்டியின்போது துணைப் பயிற்சியாளர்களோடு சேர்ந்து அவரும் பெஞ்சில் உட்காருவார். வகுப்புக்குப் போகாதவன் ஆட முடியாது. தாம்ப்சனின் மேஜையில் காற்றுப் போன ஒரு கூடைப்பந்து இருக்கும். தம்பி, ஒருநாள் இந்தக் காற்று இறங்கிவிடும், அப்போது உன் கையில் என்ன இருக்கும் என்று கேட்கிற பந்து அது. அவரிடம் நான்கு வருஷம் முழுக்க இருந்த ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு 97 பேர் பட்டம் பெற்றார்கள். உடம்பை வாங்கிக்கொண்டு சக்கையைத் துப்புகிற கல்லூரி விளையாட்டில் இது சாதாரணம் இல்லை.

700 மதிப்பெண் என்கிற வேலி

1989 ஜனவரி 14க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அந்த நாளுக்காகத்தான்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆள்கிற சங்கம் என்.சி.ஏ.ஏ. 1983இல் அது ஒரு விதி போட்டது. 1986இல் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட பாடங்களில் சராசரி மதிப்பெண் வேண்டும், அதோடு எஸ்.ஏ.டி. என்கிற நுழைவுத் தேர்வில் 1600க்கு 700 எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் முதல் வருஷம் ஆட முடியாது. ஆனால் உதவித்தொகை வாங்கிக்கொண்டு படிக்கலாம். 1989 ஜனவரியில் அந்தச் சங்கத்தின் மாநாடு இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. அதன் எண் 42. இனிமேல் அப்படிக் குறைந்தவனுக்கு விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஆடவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம், வீட்டுக்குப் போ. இதில் அடிபடப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள்.

தாம்ப்சன் மனு எழுதவில்லை. பாஸ்டன் கல்லூரியோடு நடந்த போட்டி தொடங்கும் நேரத்தில், எப்போதும் தோளில் போட்டிருக்கும் வெள்ளைத் துண்டைக் கொடுத்துவிட்டு அரங்கத்தை விட்டு வெளியே நடந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த போட்டிக்கும் அவர் அணியோடு இருக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் விதியை மறுபரிசீலனை செய்வதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்தார். 1990 ஜனவரியில் விதியைத் தளர்த்தினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான பொது உதவித்தொகையை வாங்கிப் படிக்க வழி விட்டார்கள்.

700தானே, அதைக்கூட எடுக்க முடியாதா? இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை, உங்களுக்கும் புதுசு இருக்காது. 'முப்பத்தஞ்சு மார்க்குக்கே சீட்டாம்' என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சத்தமாகப் பேசுவாரே, அதே குரல்தான். பதில் சொல்கிறேன்.

முதல் பதில், அந்தத் தேர்வின் பிறப்பு. எஸ்.ஏ.டி. முதன்முதலில் நடந்தது 1926இல். உருவாக்கியவர் பிரின்ஸ்டன் உளவியல் பேராசிரியர் கார்ல் பிரிகம். 1923இல் அவர் எழுதிய நூலில் வட ஐரோப்பிய வெள்ளையர்தான் அறிவில் மேல், கறுப்பர் கீழ் என்று பட்டியல் போட்டிருந்தார். 1930இல் தான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று அவரே வாபஸ் வாங்கினார். சொன்னவன் வாபஸ் வாங்கினான், தேர்வு மட்டும் நின்றுவிட்டது. யார் மேல், யார் கீழ் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு அப்புறம் அளவுகோல் செய்வது மனுவுக்குப் பிறகு நின்றுபோன வேலை இல்லை.

இரண்டாவது பதில், தாம்ப்சனின் வாழ்க்கை. மூளை போதாது என்று சின்னப் பிள்ளையின் முதுகில் எழுதி அனுப்பினார்கள். அந்த ஆசிரியை கிடைக்காவிட்டால் அந்த எழுத்துதான் தீர்ப்பு. ஒரு தேர்வு பிள்ளை எங்கே நிற்கிறான் என்று சொல்லும். அவன் எவ்வளவு தூரம் நடந்து வந்து அங்கே நிற்கிறான் என்று அதற்குத் தெரியாது. மாலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்து படித்தவனும், வீட்டுக்கே வாத்தியார் வந்து சொல்லிக்கொடுத்தவனும் ஒரே கோட்டில் நின்றால் அதற்குப் பெயர் சமத்துவமா?

மூன்றாவது, உதவித்தொகையை நிறுத்தினால் அந்தப் பிள்ளை நன்றாகப் படித்துவிடுவானா? படிப்பில் பின்தங்கியவனுக்குப் படிப்பைக் கொடு என்பது நியாயம். அவனைப் படிக்கும் இடத்திலிருந்தே விரட்டு என்பது என்ன நியாயம்? நோய் இருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்துகிற வைத்தியம் இது.

இந்த விதியை ஆதரித்த கறுப்பர்களும் உண்டு. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், 1975இல் விம்பிள்டன் வென்றவர், மரியாதைக்குரிய மனிதர். விதி கடுமையாக இருந்தால்தான் நம் பிள்ளைகள் பந்தை விட்டுப் புத்தகத்தை எடுப்பார்கள் என்று வாதாடினார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. நம்மிலும் இப்படிப் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நாமும் அவர்கள் அளவுக்கு மார்க் எடுத்துக் காட்டணும்ப்பா, சலுகை கேட்கக் கூடாது என்பார்கள். எடுத்துக் காட்டுவோம், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பள்ளிக்கூடம் கட்டாதவனைத் தண்டிக்காமல் பள்ளிக்கூடம் கிடைக்காதவனைத் தண்டிக்கிற விதிக்கு நாம் ஏன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்?

இன்னொரு செய்தி. 2023 ஜனவரியில் என்.சி.ஏ.ஏ. தன் தகுதி விதிகளிலிருந்து அந்த நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டது. தாம்ப்சன் வெளிநடப்புச் செய்து 34 வருஷம் கழித்து, அவர் செத்து இரண்டு வருஷம் கழித்து. அவ்வளவு அவசியமான தகுதி என்றால் இப்போது எப்படித் தேவையில்லாமல் போனது? இடையில் அந்த வேலியால் திரும்பிப் போன பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இங்கே 1990இல் மண்டல் பரிந்துரை வந்தபோது தகுதி போச்சு, திறமை போச்சு என்று கூவிக்கொண்டு வடநாட்டு மேல்சாதி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து செருப்புத் துடைத்தார்கள், தெருக் கூட்டினார்கள். எதிர்ப்பாம்! எங்கள் வேலையைச் செய்து காட்டுவதே உங்களுக்கு அவமானம் என்றால் உங்கள் திறமை வாதத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று வேறு விளக்கம் வேண்டாம். 2017இல் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தாள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். ஒற்றைத் தேர்வு ஒன்று வந்து அந்த 1176ஐயும் செல்லாது என்றது. அவளை இழந்தோம். எண்கள் மாறும், வேலி மாறாது.

அவர் மீதும் கேள்வி உண்டு

தாம்ப்சனைச் சாமியாக்கிக் கும்பிட நான் வரவில்லை. காலணிக் கம்பெனி நைக்கியிடம் பணம் வாங்கினார். 1991இல் அதன் இயக்குநர் குழுவிலேயே உட்கார்ந்தார். கல்லூரிக் கூடைப்பந்து தொலைக்காட்சிப் பணத்தில் புரண்ட காலம் அது. பயிற்சியாளர்கள் பணக்காரர் ஆனார்கள். ஓடி ஓடி வேர்த்த பிள்ளைகளுக்குச் சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கிற உரிமைகூட 2021இல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த அமைப்பை தாம்ப்சன் உடைக்கவில்லை. அதற்குள் இருந்து வசதியாக வாழ்ந்தார். விதி 42 வந்தால் அவருக்கு நல்ல ஆட்டக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள், அதற்காகத்தான் வெளிநடப்பு என்றும் சிலர் சொன்னார்கள்.

இருக்கட்டும். தன் பிழைப்பும் தன் மக்களின் நியாயமும் ஒரே பக்கத்தில் இருந்தது என்பதற்காக நியாயம் பொய்யாகிவிடாது. ஆலன் ஐவர்சன் என்கிற பையனின் கதையையும் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவில் 1993இல் நடந்த ஒரு கைகலப்பில் மாட்டி, பதினெட்டு வயதில் சிறைக்குப் போனவன். பின்னால் 1995இல் ஆதாரம் போதாது என்று தண்டனையே ரத்தானது. ஆனால் வெளியே வந்த நேரத்தில் அவன் 'குற்றவாளி'. அவனுடைய அம்மா தாம்ப்சனிடம் போய் என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். தாம்ப்சன் சேர்த்துக்கொண்டார். நல்ல ஆட்டக்காரன் என்பதால்தானே என்றால், ஆமாம், அதுவும்தான். ஆனால் அந்த நாற்காலியில் அந்த அம்மா நம்பிக் கதவைத் தட்டக்கூடிய ஆள் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2016இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் நின்றபோது, என் உயிரைக் காப்பாற்றியவர் என்று ஐவர்சன் நன்றி சொன்னது அவருக்குத்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். படித்தவர்கள் சமூகத்துக்குத் திருப்பிச் செய்யவில்லை என்று அண்ணல் அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் மனம் நொந்து பேசினார். அதற்குப் பிறகு நம்மில் எத்தனையோ பேர் நாற்காலிக்கு வந்துவிட்டோம். தாசில்தார், பேராசிரியர், பொறியாளர், வங்கி மேலாளர், உடற்கல்வி ஆசிரியர். வந்தவர்களில் பலர் முதலில் செய்வது என்ன? பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயரை மறைப்பது. அடுத்து, சேரிப் பையன் சிபாரிசுக்கு வந்தால் 'ரூல்ஸ் இருக்குப்பா' என்று கையை விரிப்பது. விதி யார் எழுதியது, யாரைத் தடுக்க எழுதியது என்று கேட்க அந்த நாற்காலியில் இருக்கிறவனால்தான் முடியும். கீழே நிற்கிறவன் கேட்டால் கலகம் என்று லாத்தியை எடுப்பான். நாற்காலிக்காரன் எழுந்து வெளியே நடந்தால் போட்டியே திக்கென்று நிற்கும்.

தாம்ப்சனுக்கு அன்றைக்கு இழக்க நிறைய இருந்தது. பேர், பணம், பதவி எல்லாம் இருந்தது. இழக்க ஒன்றுமில்லாதவனின் போராட்டத்தை நாம் நிறையப் பாடியிருக்கிறோம். இழக்க இருக்கிறவன் எழுந்து நிற்பதை இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். இடஒதுக்கீடு கொடுத்தது தனிமனிதனுக்கு ஒரு வேலை என்று நினைத்தால் அது மாதச் சம்பளத்தோடு முடிந்துபோகும். ஒரு தெருவுக்கே ஒரு கதவு என்று நினைத்தால்தான் அதற்கு விடுதலையின் பொருள் வரும்.

அரசாங்கத்தைப் பார்த்தும் கேட்போம். நம் பிள்ளைகள் கபடியிலும் ஓட்டத்திலும் பதக்கம் வாங்கினால் படம் பிடித்துச் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். தேர்வுக் குழுவில் நாங்கள் எத்தனை பேர்? விளையாட்டுச் சங்கங்களின் தலைவர், செயலாளர் நாற்காலிகளில் எத்தனை பேர்? விளையாட்டு விடுதிகளில், பல்கலைக்கழக அணிகளில் எத்தனை தலித் பயிற்சியாளர்கள்? பெயரோடு, சாதியோடு, ஊரோடு பட்டியலை வெளியிடுங்கள். திறமையைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்தப் பேச்சுக்கு நாங்கள் எப்போதும் தயார்.